கிளீனர் பக்கம் எந்தப் பக்கம்?

வைத்தி கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிக்கொண்டு, லாரியின் முன் டயர் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவினான். பிறகு உள்ளேயிருந்து வெளியே. பூனை முதுகைத் தடவுகிற மாதிரி. குர்லா ஷெட்டில் அத்தனை சுத்தியலும் நின்றுவிட்டன. பக்கத்துத் தண்டவாளத்தில் போன லோக்கல் வண்டிகூடக் கொஞ்சம் மெதுவாகப் போனதாக எனக்குத் தோன்றியது.

"உள்ளேர்ந்து வெளியே வரச்சே கையைக் கீறறது அண்ணாச்சி," என்றான். "வெளி ஓரம் சாய்வாத் தேஞ்சு போயிருக்கு. தொட்டாலே சொல்றதே!"

அண்ணாச்சி என்று அவன் கூப்பிட்டது என் அத்தானை. அது எங்கள் ஊர்ச் சொல். திருநெல்வேலிக்குத் தெற்கே பிறந்தவன் வாயில்தான் அது சரியாக உட்காரும் என்று நினைத்திருந்தேன். மாட்டுங்காவில் பிறந்து பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற வைத்தி அதை எங்கே பொறுக்கினானோ, எங்களைவிட இனிப்பாகச் சொன்னான்.

அத்தான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கோயிலில் திரை விலகும்போது பார்ப்போமே, அந்தப் பார்வை. என் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்தப் பார்வையை அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திருப்பினதில்லை.

என் கையில் ஒரு சாக்பீஸ் இருந்தது. நசுக்கிவிட்டேன்.

ஏலத்தில் வந்த லாரிகள்

இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பம்பாய் தாராவிக்காரன். பெயர் முத்தையா. அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மெட்ரிக் வரை ஏறினவன் நான் ஒருவன்தான்.

உலகச் சண்டை முடிந்த சமயம். கல்யாண் பக்கம் மைதானம் மைதானமாக நின்ற ராணுவ லாரிகளை ஏலம் போட்டார்கள். ஒரு சர்தார்ஜி அதில் சிலவற்றை வாங்கி, குர்லாவில் தகரக் கொட்டகை போட்டு, பூனாவுக்குச் சரக்கு ஓட்டினார். அந்த ஷெட்டில் நான் ஃபிட்டர். வைத்தியும் ஃபிட்டர். சுப்பையா அத்தான் டிரைவர்.

எல்லாம் அமெரிக்கன் லாரிகள். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் பழகினவர்களுக்கு முதலில் தலை சுற்றும். அத்தான் கியர் போடக் கையை நீட்டிக் கதவைப் பிடித்துவிட்டு, "சீ, பழக்கதோஷம்" என்பார்.

அவருடைய லாரிக்கு ஒரு வியாதி. பாரம் ஏற்றினால் ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே காட் மலைரோடு ஏறி இறங்க வேண்டும். அந்த மல்லுக்கட்டில் முன் டயர் ஒன்று ஓரமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அப்போது டயர் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை. பர்மிட் வேண்டும். பர்மிட் இருந்தால் கடையில் டயர் இருக்காது. டயருக்குப் போர்வை போர்த்தித் தூங்க வைக்காத குறைதான் சர்தார்ஜிக்கு.

"வண்டியில குத்தமில்ல, உன் கையிலதான் குத்தம்," என்று ஹிந்தியில் எல்லார் முன்னாலும் அத்தானிடம் சொல்லிவிட்டார். "இன்னொரு டயர் இப்படிப் போச்சுன்னா, சாவியை என் மேஜையில வச்சிட்டுப் போயிரு."

சாவியை வைத்துவிட்டால் அத்தானுக்கு மறுபடியும் தோல் ஷாப்தான். உப்புப் போட்ட ஈரத் தோலைத் தலையில் சுமக்கிற வேலை. அதிலிருந்து தப்பித்துத்தான் அவர் லாரிக்கு வந்தார். அவர் லாரிக்கு வந்த பிறகுதான் அக்கா அவர் சட்டையை மற்றத் துணிகளோடு ஒன்றாகப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தாள்.

இப்பேர்ப்பட்ட விஷயத்தை அத்தான் யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும்? மனைவியின் தம்பி ஒருவன் அதே ஷெட்டில், அதே வேலையில் இருக்கிறான். அவர் நேரே வைத்தியிடம் போனார்.

"சாமி, நீங்கதான் பாக்கணும்."

நான் அதே லாரிக்குக் கீழே ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டுங்கா காப்பி

வைத்தி கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

ஷெட்டில் சேர்ந்த புதிதில் என்னை மாட்டுங்காவுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாடிப்படி ஏறும்போதே காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. அவன் அப்பாவுக்குக் கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீஸில் வேலை. குடையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, "உக்காருப்பா" என்றார். நாற்காலியில்தான் உட்காரச் சொன்னார். அவன் அம்மா டவராவில் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"முத்தையா மெட்ரிக் பாஸ் பண்ணியிருக்கான் அம்மா," என்று வைத்தி பெருமையாகச் சொன்னான்.

"பேஷ், மேலே படிக்கலியா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

நான் பாஸான அன்று தாராவியில் எங்கள் சந்து முழுக்க அப்பா பூந்தி கொடுத்தார். முகம் தெரியாதவர்கள்கூட வந்து என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த வீட்டில் மெட்ரிக் என்பது பால் பல் விழுகிற மாதிரி. எல்லாருக்கும் விழும், யாரும் எண்ணுவதில்லை.

காப்பி நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வைத்தி காலேஜுக்குப் போயிருக்கலாம். இயந்திரம் என்றால் உயிர் என்று சொல்லி, வீட்டில் சண்டை போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். நான் வேறு வழியில்லாமல் வந்தவன். இரண்டு பேர் கையிலும் ஒரே கிரீஸ்தான். ஆனால் அவன் கையில் அது சந்தனம் மாதிரி இருந்தது. சர்தார்ஜி அவனுக்கு ஸ்டூல் இழுத்துப் போடுவார். என்னை "ஏ மதராசி" என்று கூப்பிடுவார். அவனும் மதராசிதானே என்று கேட்க எனக்கு ஆசை. கேட்டதில்லை.

சாக்பீஸ் கோடு

டயருக்கு வருகிறேன்.

எனக்கு உள்ளங்கை வித்தை தெரியாது. என் வழி வேறு. முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். சக்கரம் திரும்புகிற முளையான கிங்பின் தேய்ந்திருந்தால் சக்கரம் லொடலொடக்கும். அதன்பின் பக்கவாட்டில் ஆட்டி, இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற டை ராடு மூட்டுகளைப் பார்ப்பேன். பிறகு சக்கரத்தைச் சுழலவிட்டு டயர் நடுவில் சாக்பீஸ் தடவி, ஆணி முனையால் மெல்லிசாகக் கோடு கிழிப்பேன். இரண்டு டயர் கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு தரம், பின்பக்கம் ஒரு தரம் குச்சியால் அளப்பேன். முன்பக்கம் இம்மியளவு குறைவாக இருக்க வேண்டும். கோழி நடக்கும்போது பாதத்தை உள்பக்கம் லேசாகத் திருப்புமே, அது மாதிரி. கூடினாலும் குறைந்தாலும் டயர் ரோட்டில் உரசித் தேயும்.

அன்றும் அப்படியே அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"அளவு சரியா இருக்கு," என்றேன்.

"முத்தையா அளந்தா அளந்ததுதான்," என்றான் வைத்தி. "அப்போ ஆப்புதான் அண்ணாச்சி, சந்தேகமே இல்லை."

என் அளவை வாங்கித் தன் முடிவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அத்தான் எனக்கு ஒரு தலையாட்டல்கூடத் தரவில்லை.

ஆப்பு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்பதில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓடுகிறது. லாரியின் முன் அச்சுக்கும் அந்த மாதிரிப் பின்சாய்வு உண்டு. அதற்காக ஸ்பிரிங் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில், ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெல்லிசாகவும் உள்ள இரும்பு ஆப்பை, தடித்த முனை பின்னால் இருக்கும்படி வைப்பார்கள். எந்தப் பக்கம் சாய்வு குறைகிறதோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

"எந்தப் பக்கம் இழுக்கறது?" என்று வைத்தி கேட்டான்.

"கிளீனர் பக்கம் சாமி," என்றார் அத்தான்.

வெறும் வண்டியில் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை போய் வந்தார்கள். அத்தான் ஓட்டினார். வைத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். குர்லா சந்துகளில் குழிக்குக் குழி எந்த வண்டியும் எந்தப் பக்கமும் இழுக்கும். "பாத்தீயளா?" என்றார் அத்தான். "பார்த்தேன்," என்றான் வைத்தி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் கிளீனர் பக்கத்து ஸ்பிரிங்கை அவிழ்த்து, அங்கே கிடந்த ஆப்பை எடுத்துவிட்டு இன்னும் தடியான ஆப்பாகப் போட்டுப் பூட்டினான்.

அத்தான் அவனைச் சும்மா விடவில்லை. தாராவிக்கு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா வெண்கலத் தட்டைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் புளிபோட்டுத் தேய்த்தாள். அவனுக்காகக் கருவாட்டுச் சட்டியை வெளியே வைத்துவிட்டு, சாம்பாரும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்தாள். வைத்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டான்.

"ஆத்துல சொன்னா அம்மா குளிச்சிட்டு வரச் சொல்லுவா. அதனால சொல்லப் போறதில்லே அக்கா," என்று சொல்லிச் சிரித்தான்.

அக்காவா! எனக்குச் சோறு இறங்கவில்லை.

"எவ்வளவு தன்மை பாத்தியால," என்றாள் அக்கா, அவன் போன பிறகு. "நீயும் இருக்கியே, எப்பப் பாத்தாலும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு."

தோள்வலி

அத்தான் பூனா போய்த் திரும்பினார். வியாதி குறையவில்லை. கூடியிருந்தது.

சர்தார்ஜி டயரைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். மேஜையைக் காட்டவில்லை, ஆனால் காட்டின மாதிரிதான். "இன்னும் ஒரு நடை," என்றார். "அவ்வளவுதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் மீன்குழம்பு. அத்தான் சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் தோளில் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னதான் பண்ணுதீய வண்டியில? கல்லு மாதிரி இறுகிப்போய்க் கெடக்கு."

"பின்ன என்ன? அது பீச்சாங்கைப் பக்கமா ஓடுது. நான் சோத்தாங்கைப் பக்கமா இழுக்கேன். பூனா வரைக்கும் இதே கூத்துதான்."

பம்பாய்க்கு வந்து எத்தனை பாஷை கலந்தாலும், எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்குள் இடது, வலது என்று வாயில் வராது. சாப்பிடுகிற கை சோத்தாங்கை. மற்றது பீச்சாங்கை. ஷெட்டில் சொல்ல மாட்டார்கள். அங்கே டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம்தான். அதிலும் வைத்தி மாதிரி ஆள் முன்னால் பீச்சாங்கை என்று சொல்ல அத்தானுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

என் கை சோற்றில் அப்படியே நின்றது.

"அத்தான், கிளீனர் பக்கம் இழுக்குன்னுல்லா சொன்னீய?"

"ஆமா. அதான் பீச்சாங்கைப் பக்கம்."

"இந்த வண்டியில கிளீனர் எங்க உக்காருதான்?"

அத்தான் வாயைத் திறந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏ மாப்ள!" என்றார். "அவன் சோத்தாங்கைப் பக்கம்லா இருக்கான்!"

"என்னங்கேன்? கிளீனர் எங்க உக்காந்தா என்ன?" என்றாள் அக்கா.

வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டின காலத்தில் கிளீனர் இருந்தது இடது பக்கம். ஆள் இடம் மாறிவிட்டான். அத்தான் வாயில் பக்கம் மாறவில்லை. வைத்தி அமெரிக்கன் லாரியைப் பார்த்தான், அதில் கிளீனர் உட்காருகிற வலது பக்கத்தில் ஆப்பை வைத்தான். இழுத்ததோ இடது பக்கம். வலது பக்கம் சாய்வைக் கூட்டினால் இடது பக்கம் இன்னும் இழுக்காமல் என்ன செய்யும்?

ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. "அத்தான், தேஞ்ச டயர் சோத்தாங்கைப் பக்கம்தானே இருந்துச்சு? நான் பாத்தேனே."

அத்தான் தலையைச் சொறிந்தார். "அது... ஷெட்டுக்குக் கொண்டுவாறதுக்கு முந்தி நான் சக்கரத்தை மாத்திப் போட்டேம்லா. ரெண்டும் சமமாத் தேயட்டும்னு."

"வைத்திகிட்ட சொன்னீயளா?"

"சாமி கேக்கலையே."

அக்கா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அத்தானும் சிரித்தார், தோள் வலியோடு. எனக்கு அத்தானின் சாவி பிழைத்தது என்ற சந்தோஷம் வந்தது. ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. வைத்தியின் உள்ளங்கை தப்பாகச் சொல்லியிருக்கிறது என்ற சந்தோஷம் அதை முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

தலைகீழ் ஆப்பு

மறுநாள் குர்லாவுக்குப் போகிற வழியெல்லாம் மனதுக்குள் ஹிந்தியில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். சர்தார்ஜி டீ குடித்துக்கொண்டிருந்தார். வைத்தி அவர் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கிளீனர் கதை, சக்கரம் மாற்றின கதை, ஆப்பு வைத்த பக்கம் தப்பு என்பது வரை. கடைசி வாக்கியத்தை, கேட்கிறவர்களுக்கு நன்றாகப் பதியட்டும் என்று, இரண்டு தரம் சொன்னேன்.

வைத்தி என்னையே பார்த்தான். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரிப்பு.

"அடே! அண்ணாச்சி இடது பக்கத்தைச் சொல்றார், நான் வலது பக்கத்துல ஆப்பு வெச்சிண்டு கெட்டிக்காரனாட்டம் நிக்கறேன்!"

மறு பேச்சில்லாமல் எழுந்து, சலவைச் சட்டையோடு எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து, லாரிக்கு அடியில் நுழைந்தான். இடது பக்கத்து ஸ்பிரிங்கின் நட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

"முத்தையா, இங்க வாடா! வந்து பாரு!"

நானும் நுழைந்தேன். இடது பக்கத்து ஆப்பு தலைகீழாக இருந்தது. தடித்த முனை முன்னால். ஏலத்துக்கு முன்னால் யாரோ அவசரத்தில் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் சேறு காய்ந்து ஓடாகியிருந்தது.

"நீ சொல்லலேன்னா இந்தப் பக்கம் நான் எட்டியே பார்த்திருக்க மாட்டேன்," என்றான் வைத்தி, அங்கே, எண்ணெய் சொட்டுகிற இருட்டில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வெளியே வந்ததும் சர்தார்ஜியிடம் நேரே போனான். தப்பு என்னுடையது, டிரைவர் கையில் குற்றமில்லை, முத்தையாதான் கண்டுபிடித்தான் என்று நல்ல ஹிந்தியில், ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னான். நான் ஒத்திகை பார்த்து வந்த ஹிந்தியைவிட எவ்வளவோ நல்ல ஹிந்தி.

சர்தார்ஜி அவனைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து, வைத்தியின் எண்ணெய் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பார்த்துக்கோங்க," என்றார் ஷெட்டில் இருந்த எல்லாரையும் பார்த்து. "தப்பை இப்படித் தைரியமா ஒத்துக்கிறவன்தான் ஆம்பளை."

எல்லாரும் வைத்தியைப் பார்த்தார்கள். அத்தான் கண்ணிலும் மறுபடியும் அதே திரை விலகல்.

சரியாகச் சொன்ன நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். சரியாகச் சொல்கிறவனுக்கு என்ன பெயர் என்று சர்தார்ஜி சொல்லவில்லை. தப்புச் செய்தே இவ்வளவு வாங்குகிறானே, இவன் சரியாகவே செய்துவிட்டால் என்ன ஆவது என்று எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது. மறைப்பானேன்?

செம்பூர் ரோடு

இடது ஆப்பைத் திருப்பிப் போட்டு, வலது பக்கம் பழைய ஆப்பையே வைத்துப் பூட்டினோம். நான் சாக்பீஸ் கோடு போட்டு அளவை மறுபடி சரிபார்த்தேன். இந்தத் தடவை சிமெண்ட் மூட்டை ஏற்றி, செம்பூர் பக்கம் நேர் ரோட்டுக்குக் கொண்டுபோனோம். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் மூட்டைகள் மேல் நின்றுகொண்டோம். இரண்டு பக்கமும் புளியமரம். காற்றில் வைத்தியின் தலைமயிர்கூட அழகாகப் பறந்தது.

அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட முடியாததால், ஒன்றை மட்டும் நீட்டி ஆட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரிப் போயிற்று.

அடுத்த பூனா நடை போய் வந்த அன்று சர்தார்ஜி குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், வேறொரு லாரியைப் பார்க்கப் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் சேதி. சாவி அத்தானின் இடுப்பிலேயே தொங்கியது.

"சாமி, உங்க புண்ணியம்!" என்று அத்தான் வைத்தியைக் கும்பிட்டார்.

"என் புண்ணியம் என்ன அண்ணாச்சி, முத்தையாவைச் சொல்லுங்கோ," என்றான் அவன். அதையும் அவனே சொல்ல வேண்டியிருந்தது.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நான் சரக்கு இறக்கிட்டு வர நேரமாவும். வீட்டுல அக்கா பயந்துக்கிட்டே கெடப்பா. ஓடிப்போய் வண்டி நின்னுட்டுன்னு சொல்லிரு."

நின்றுவிட்டது என்றால் ஓடாமல் நின்றது என்று அர்த்தமில்லை. வேலை நிலைத்துவிட்டது என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

லோக்கல் பிடித்து சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்தேன். நடையில்லை, ஓட்டம்தான். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னல?"

"நின்னுட்டு. சர்தார்ஜி டயரைப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. அத்தானுக்கு இனிமே பயமில்ல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

"யாருல சரி பண்ணினது?"

"நான்தான்," என்றேன். "நான்தாங்க்கா கண்டுபிடிச்சேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்து, மயிரைக் கோதிவிட்டாள். அவள் அப்படிச் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்படியால?" என்றாள். "வைத்தித் தம்பி பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்துச்சோ?"